கோழி இருமினால் மாத்திரையைத் தேடாதீர்கள்!



தோட்டத்தை விட்டு வந்து எத்தனை ஆண்டுகள் ஆனாலும், கோழி வளர்க்கும் ஆசை நம்மவர்களை விடுவதில்லை. கொல்லையில் ஐந்தாறு நாட்டுக்கோழி மேய்ந்தால்தான் சிலருக்கு மனம் நிறையும்.

அந்தக் கோழி ஒரு நாள் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து, குறட்டை விடுவதுபோல் மூச்சு வாங்கினால் என்ன செய்கிறோம்? வீட்டில் மிச்சமிருக்கும் ஆண்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கலந்து வைக்கிறோம். "போன தடவ இதத்தான் குடுத்தேன் அண்ணே, பொழச்சிக்கிச்சி" என்று பக்கத்து வீட்டாரும் சொல்வார்.

மூச்சுத் திணறல் ஒரு நோயின் பெயரல்ல. பல நோய்களின் அடையாளம். மைக்கோபிளாஸ்மா கிருமியால் வரும் நாள்பட்ட சளி ஒன்று. முகம் வீங்கி, மூக்கில் நாற்றமடிக்கும் சளி வடிந்தால் கொரைசாவாக இருக்கலாம். இவை கால்நடை மருத்துவர் தரும் மருந்துக்குக் கட்டுப்படும். ஆனால், தேறிய கோழியும் கிருமியைச் சுமந்துகொண்டு மற்றவற்றுக்குப் பரப்பும்.

நியூகாஸல் நோய் வேறு வகை. தமிழ்நாட்டில் இதை வெள்ளைக் கழிச்சல் என்பார்கள். மலாயில் சம்பார் ஆயாம். இது வைரஸ். எந்த ஆண்டிபயாட்டிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. தடுப்பு மருந்துதான் காப்பு.

ஸ்ரீ கெம்பாங்கான்வாசிகள் பெருமைப்பட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பக்கத்திலுள்ள செர்டாங் பல்கலைக்கழகம், இன்றைய யுபிஎம், 1980களில் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வெப்பத்தைத் தாங்கும் 'வி4' தடுப்பு மருந்தை உருவாக்கியது. தீவனத்தில் கலந்தே கொடுக்கலாம் என்பது அதன் சிறப்பு. நம்மைப்போல் பத்துக் கோழி வைத்திருப்பவர்களை மனத்தில் வைத்துச் செய்த ஆய்வு அது!

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 2006 பிப்ரவரியில் கோம்பாக்கிலும், 2007 ஜூனில் சுங்கை பூலோவிலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு இடத்திலும் மாண்டவை கிராமத்துக் கோழிகளே. சுற்றுவட்டாரப் பறவைகளும் அழிக்கப்பட்டன.

ஆகவே, கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால் அறுத்துக் குழம்பு வைக்காதீர்கள். கால்வாயில் வீசாதீர்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். உடனே கால்நடைச் சேவைத் துறைக்குத் தெரிவியுங்கள். மறைத்தால் ஆபத்து நம் வீட்டோடு நிற்காது.

"ஒரு கோழிக்காக மருத்துவரிடம் போவதா? கோழி விலையைவிட செலவு அதிகமாகுமே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால், காப்பாற்றப்போவது அந்த ஒரு கோழியை மட்டுமல்ல. மீதமுள்ள கோழிகளையும், முட்டை சாப்பிடும் நம் பிள்ளைகளையும். கோழிக்குக் கொடுத்த மருந்து முட்டையிலும் கறியிலும் தங்கும். எத்தனை நாள் அவற்றைச் சாப்பிடக் கூடாது என்பதை மருத்துவர்தான் சொல்ல முடியும். கண்டபடி கொடுத்தால், கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடும். பிறகு நமக்கு நோய் வரும்போது அதே மருந்து கைகொடுக்காது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. நோய்ப்பட்ட கோழியைத் தனிக் கூண்டில் வையுங்கள். தண்ணீர்ப் பாத்திரமும் தனி. முதலில் நல்ல கோழிகளுக்குத் தீனி, கடைசியில் நோய்க்கோழிக்கு. பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கொட்டகைத் தரை ஈரமானால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பி மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். தரை காய்ந்திருக்கட்டும், காற்று வரட்டும். சந்தையில் வாங்கிய புதுக்கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

மாத்திரைக்கு முன்னால் காரணத்தைத் தேடுவோம்; நோய் வருமுன் காப்போம்.