பரீட்சைக்கு அஞ்ச வேண்டாம்



நம் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மோட்டார் சைக்கிளை நன்றாக ஓட்டுகிறார்கள். கையில் லைசென்ஸ்தான் இல்லை. கேட்டால், பரீட்சைக்குப் பயம் என்கிறார்கள். விபத்து நேர்ந்தால் வழக்கு ஒரு பக்கம், இன்சூரன்ஸ் தொல்லை ஒரு பக்கம். தவிப்பது குடும்பமல்லவா?

பரீட்சையில் 50 கேள்விகள். 42 சரியானால் தேர்ச்சி. கட்டுரை எழுத வேண்டியதில்லை. கணினியில் சரியான விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். தமிழிலும் எழுதலாம், பதியும்போதே தமிழ் வேண்டுமென்று கேளுங்கள். மோட்டார் சைக்கிளுக்கு 16 வயது, காருக்கு 17 வயது நிறைந்திருக்க வேண்டும்.

முதலில் சாலைக் குறிகளைப் படியுங்கள். எண்கோணச் சிவப்புப் பலகையில் 'பெர்ஹெந்தி' என்றிருந்தால் நின்றே போக வேண்டும். 'பெரி லாலுவான்' என்றால் வழிவிட வேண்டும். சாய்சதுர மஞ்சள் பலகை எச்சரிக்கை.

விடைகளை நெட்டுருப் போடாதீர்கள், காரணத்தைப் புரிந்துகொள்ளுங்கள். நனைந்த சாலையில் வண்டி நிற்க அதிகத் தூரம் பிடிக்கும். ஆகவேதான் முன்வண்டிக்கு இடைவெளி விடச் சொல்கிறார்கள். காரணம் தெரிந்தால் கேள்வியை மாற்றிக் கேட்டாலும் திகைக்க மாட்டீர்கள்.

கிராணிமார்களே! மாலையில் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். வாசிக்கத் தடுமாறும் தோழருக்குக் கேள்வியைப் படித்துக் காட்டுங்கள். ஒருவர் கேட்க, ஒருவர் சொல்லட்டும். சங்கம் என்பது சம்பளம் கேட்பதற்கு மட்டுமன்று. ஒருவரையொருவர் கைதூக்கி விடுவதற்குந்தான்.