நாலு மணிப் பசியும் நம்ம ஊர் மல்லாட்டையும்



பருப்பு, உலர்பழம் சேர்த்த சத்தான நொறுக்குத் தீனி என்று சொன்னதும் இப்போதெல்லாம் பாதாம், பிஸ்தா, அத்திப்பழம் என்று கண்ணாடி ஜாடிகளை அடுக்கி வைத்த கடைதான் நினைவுக்கு வருகிறது. கலிபோர்னியாவிலிருந்து கப்பலேறி வரும் பாதாமைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, விலையைத் தவிர. ஆனால் புதுச்சேரியில் வில்லியனூர், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகக் கைப்பக்குவத்தோடு செய்து வருகிற தின்பண்டம் வேறு. அதற்கு மூலப்பொருள் மல்லாட்டை. புத்தகத்தில் வேர்க்கடலை என்று எழுதுவார்கள், சிலர் மணிலா என்பார்கள். நமக்கு மல்லாட்டை. அதை வறுப்பதும் வெல்லப்பாகில் பிடிப்பதும் ஒரு கலை என்பது என் கருத்து. அந்தக் கலை இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று கொஞ்சம் பேசலாம்.

பாகூர் புதுச்சேரியின் நெற்களஞ்சியம். சொர்ணாவூர் அணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் ஏரிக்கு வருகிற ஊர். மல்லாட்டைக்கு ஏரித் தண்ணீர் முக்கியமில்லை, வடிகிற மண்தான் வேண்டும். அதனால் அதற்கு மேட்டு நிலம், செம்மண் காடு. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சுற்றுவட்டார மல்லாட்டை புதுச்சேரித் துறைமுகத்தில் கப்பலேறி பிரான்சின் மார்செய் நகரத்துக்குப் போனது. அங்கே ஆலைகளில் எண்ணெய் எடுத்தார்கள், அந்த எண்ணெயில் சோப்பும் காய்ச்சினார்கள். நம்ம ஊர் மல்லாட்டை அவர்களுடைய துணியை வெளுத்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பிற்பாடு பக்கத்திலேயே திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வந்தது. டி.எம்.வி. என்று தொடங்கும் ரகங்களெல்லாம் அங்கே பிறந்தவைதான். பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது.

மார்கழிப் பட்டத்தில் விதைத்ததைப் பங்குனி, சித்திரையில் பிடுங்குவார்கள். செடியிலிருந்து காயை ஆய்ந்தெடுக்கும் பெண்கள் மாலையில் மடியில் கட்டிக்கொண்டு வருகிற பச்சை மல்லாட்டை, வருஷத்தின் முதல் தின்பண்டம். மண் போகக் கழுவி, உப்புப் போட்டு, தோலோடு வேகவைத்தால் போதும். இதற்குச் செய்முறை என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆனால் வேகவைத்த மல்லாட்டையை உரித்து, பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம், கிளிமூக்கு மாங்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி போட்டு எலுமிச்சம்பழம் பிழிந்து பாருங்கள். விருந்தாளி வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைக்க இதைவிட எளிது எதுவுமில்லை. மல்லாட்டையில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள எலுமிச்சையின் வைட்டமின் சி கைகொடுக்கும். புதுச்சேரியில் இந்தப் பண்டத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் யார் என்று நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 'சைடு டிஷ்' என்று பேர் வாங்கிவிட்டதால் சில வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கவே யோசிக்கிறார்கள். பண்டத்தின் மேல் பிழையில்லை!

வறுப்பதற்கு வருவோம். கலை என்று நான் சொன்னது இங்கேதான் தொடங்குகிறது. அடி கனத்த இரும்புச் சட்டியில், அரித்துக் கழுவிக் காயவைத்த மணலைக் கொட்டி, அது நன்றாகச் சூடான பிறகு பருப்பைப் போடுவார்கள். மணல் நாலா பக்கமும் சூட்டைக் கொடுப்பதால் ஒரு பக்கம் கருகி ஒரு பக்கம் பச்சையாக நிற்காது. கரண்டி ஓயாமல் புரள வேண்டும். பருப்பு ஒன்றிரண்டு படபடவென்று வெடிக்க ஆரம்பிக்கும். ஒன்றை எடுத்து ஆறவிட்டு விரலால் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு கழல வேண்டும், உள்ளே இளம் பொன்நிறம் தெரிய வேண்டும். அந்த நிறம் முழுசாக வருவதற்கு ஒரு நிமிஷம் முன்னாலேயே இறக்கிச் சலித்துவிடுவதுதான் கைதேர்ந்தவர்களுடைய சூட்சுமம். இறக்கிய பிறகும் உள்சூட்டில் பருப்பு வறுபட்டுக்கொண்டே இருக்கும். சட்டியிலேயே சரியான நிறம் பார்த்தவர் தட்டில் கசப்பைப் பார்ப்பார். பிறகு முறத்தில் போட்டுத் தேய்த்துப் புடைத்தால் தோல் பறந்துவிடும்.

அடுத்தது பாகு. வெல்லத்தைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து வடிகட்டாமல் அடுப்பில் ஏற்றுகிறவர் பல்லுக்கு வைத்தியம் பார்க்கத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவு மண் இருக்கும். பாகு கொதித்து நுரை அடங்கி, குமிழி பெரிதாகி மெதுவாக உடைகிறபோது, ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டு விடுவார்கள். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலில் மென்மையாக உருண்டால் அதிரசத்துக்கு ஆகும், நமக்கு ஆகாது. உருட்டிய பாகைக் கிண்ணத்தின் ஓரத்தில் தட்டினால் 'டங்' என்று கேட்க வேண்டும். மல்லாட்டை உருண்டைக்கு அதுதான் பதம். அதற்கப்புறம் பேச நேரமில்லை. பருப்பைக் கொட்டிக் கிளறி, உள்ளங்கையில் அரிசிமாவைத் தொட்டுக்கொண்டு, சூட்டோடு சூடாகப் பிடிக்க வேண்டும். உருண்டை பிடிக்கிற பெண்களின் கை சிவந்து போயிருக்கும். ஆறினால் சட்டியோடு கல்லாகிவிடும்.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமை அவர்களுக்கு உரியது. நம் பக்கத்து உருண்டை கடைச் சரக்காக வளரவில்லை, வீட்டுச் சரக்காகவே நின்றுவிட்டது. ஒரு விதத்தில் அது நல்லதுதான். கடையில் எடைக்காக வெல்லத்தைக் கூட்டுவார்கள். வீட்டில் இரண்டு பங்கு பருப்புக்கு ஒரு பங்கு வெல்லம் தாராளம். அந்தப் பருப்பில் கால் பங்கை எடுத்துவிட்டு வறுத்த கறுப்பு எள்ளும் ஒரு கைப்பிடி உலர் திராட்சையும் சேர்த்தால், இனிப்பைத் திராட்சை பார்த்துக்கொள்ளும், வெல்லத்தை இன்னும் குறைக்கலாம்.

உலர்பழம் நமக்குப் புதிதல்ல. தேர்த் திருவிழா என்றால் பொரி, கடலை, பேரீச்சம்பழக் கடை இல்லாமல் இருக்குமா?  நகரத்துக் கிறிஸ்தவ வீடுகளில் டிசம்பரில் ரவையும் வெண்ணெயும் போட்டு, ரம்மில் ஊறிய உலர் திராட்சையும் முந்திரியும் சேர்த்து விவிக்கம் கேக் செய்வார்கள். அது தனிக் கலை, இன்னொரு நாள் பேசலாம். தெருவில் பழைய இரும்பை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுத்தவர்களை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரும்பைக் கொடுத்து இரும்புச்சத்து வாங்கினோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அந்த வியாபாரத்தில் நமக்குத்தான் நஷ்டம். பேரீச்சம்பழத்தில் இரும்பு நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை, எள்ளில்தான் அதைவிட மிக அதிகம். பேரீச்சையின் அருமை வேறு. கொட்டை நீக்கிப் பிசைந்தால் அதுவே பாகு வேலையைச் செய்யும். வறுத்து ஒன்றிரண்டாக இடித்த மல்லாட்டை, எள், உடைத்த முந்திரி, கொஞ்சம் ஏலக்காய் எல்லாவற்றையும் அந்தப் பேரீச்சை விழுதில் போட்டுப் பிசைந்து உருட்டினால் முடிந்தது. பாகு வைக்கத் தெரியாதவரும் செய்யலாம். முந்திரி முழுசாகத்தான் வேண்டும் என்பதில்லை. தென்பெண்ணையைத் தாண்டினால் பண்ருட்டி. அங்கே உடைந்த பருப்பு விலை குறைவு, சத்து ஒன்றே.

ஒரு கைப்பிடி மல்லாட்டை, சுமார் 30 கிராம், ஏறக்குறைய 7 கிராம் புரதம் தரும். ஒரு முட்டையில் இருப்பது அவ்வளவுதான். ஆனாலும் முட்டையின் புரதம் முழுமையானது, மல்லாட்டையில் லைசின் என்ற ஒரு பகுதி குறைவு. பொட்டுக்கடலையும் பயறும் அந்தக் குறையைத் தீர்க்கும். பொரிவிளங்காய் உருண்டையில் அரிசியையும் பாசிப்பயறையும் ஏன் சேர்த்து வறுத்து அரைத்தார்கள் என்று யோசித்தால், நம் பாட்டிமார் மேல் மரியாதை கூடும். அந்த அக்கறை இன்றைக்கும் தேவை. புதுச்சேரியில் 15 முதல் 49 வயதுக்குள்ளான பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் மதிய உணவு கிடைக்கிறது. ஆனால் நாலு மணிக்குப் பையை எறிந்துவிட்டு வருகிற பிள்ளைக்குக் கையில் கிடைப்பது பெரும்பாலும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட். அதில் இருப்பது உப்பு, எண்ணெய், மாவு.

இனி எச்சரிக்கை. ஈரத்தோடு மூட்டை கட்டின மல்லாட்டையில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சை உண்டாக்கும் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. அதனால் காயைக் குலுக்கினால் கலகலக்கும் வரை காயவைத்து, தோலோடு காயாகவே சேமியுங்கள். சுருங்கியது, கறுத்தது, கசப்பது எதையும் சிக்கனம் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு முழுப் பருப்பு கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும். பொடித்தே கொடுங்கள். முதல் தடவை கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள், சிலருக்கு ஒவ்வாமை உண்டு.

மகளிர் குழுக்கள் செய்கிற உருண்டைகளைச் சாப்பிட்டிருக்கிறேன். கைமணம் குறைவதில்லை. குறை பாக்கெட்டில் இருக்கிறது. ஆறுவதற்குள் அடைத்துவிடுகிறார்கள், உள்ளே வேர்த்து இரண்டு நாளில் பிசுபிசுத்துப் போகிறது. இரவு முழுக்க ஆறவிட்டு மறுநாள் அடைத்தால் மொறுமொறுப்பு நிற்கும். தொழிலாகச் செய்ய நினைக்கிறவர்கள் குரும்பாப்பட்டில் இருக்கும் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

மல்லாட்டை போட்ட குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுவடை முடிந்ததும் கடைசி மூட்டை வரைக்கும் தட்டாஞ்சாவடி மார்க்கெட் கமிட்டிக்கு ஏற்றிவிட்டு, அந்தக் காசில் பிள்ளைக்குப் பாக்கெட் வாங்கித் தராதீர்கள். வண்டி ஏறுவதற்கு முன்னால் வீட்டுக்கென்று ஒரு மூட்டையை இறக்கி வையுங்கள்.