வடம் பிடிக்கும் கைகள்

ஒரகடத்துக்கு அண்மையிலுள்ள படப்பை என் ஊர். ஏரியும் கழனியுமாக இருந்த எங்கள் வட்டாரத்தில் இன்று தொழிற்சாலைகள் பல எழுந்துள்ளன. ஜப்பானிய நிறுவனங்களும் அவற்றுள் உண்டு. அந்நாட்டார் நம் ஊர்த் திருவிழாவை ஒதுங்கி நின்று பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்தம் நாட்டு விழா ஒன்றுக்கு நான் விருந்தினனாகச் சென்றபோது கண்டவற்றை இன்று கூற விழைகிறேன்.

கியோட்டோ நகரத்து யாசகா ஆலயத்தின் கியோன் விழா, ஜூலைத் திங்கள் முழுவதும் நிகழ்வது. 869-ஆம் ஆண்டில் கொள்ளைநோய் பரவியபோது, நாட்டின் 66 மாநிலங்களைக் குறிக்க 66 ஈட்டிகளை நாட்டி வழிபட்டனர். அதுவே விழாவின் தொடக்கம் என்பர். ‘கியோன்’ என்னும் பெயரோ, புத்தர் பெருமான் தங்கியிருந்த ஜேதவனத்துக்கு ஜப்பானியர் வழங்கும் பெயராகும்!

ஆலயத்தில் கைகளையும் வாயையும் நீரால் தூய்மை செய்து, இருமுறை தலைவணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குவது அவர்கள் முறை. நானும் அவ்வாறே செய்தேன்.

ஜூலை 17-ஆம் நாள் தேர்கள் உலா வந்தன. பெருந்தேர் ஒன்று ஏறத்தாழ 25 மீட்டர் உயரம். எடை 12 டன் வரை இருக்கும். ஆணி அறையாமல் வைக்கோற் கயிற்றாலேயே மரங்களைப் பிணைக்கின்றனர். தேர்களை அணிசெய்யும் பழந்திரைகளுள் இந்தியாவில் நெய்த கம்பளங்களும் உள்ளன.

தெருமுனையில் தேரைத் திருப்புவதே அரிய காட்சி. முட்டுக்கட்டை இட்டு நாம் தேரின் போக்கை மாற்றுவோம் அல்லவா? அவர்களோ பச்சை மூங்கிற் பிளாச்சுகளைப் பரப்பி, நீர் தெளித்து, சக்கரங்களை அவற்றின்மேல் ஏற்றிப் பக்கவாட்டில் இழுக்கின்றனர். சில இழுப்புகளில் தேர் திரும்பிவிடுகிறது.

அந்தத் தெருக்களில் கடைகளும் அலுவலகங்களும் பெருகி, குடியிருப்போர் குறைந்துவிட்டனர். ஆதலால், வெளியிலிருந்து வரும் மாணவரும் தொண்டரும் இன்று வடம் பிடிக்கின்றனர். நோய்த்தொற்றினால் 2020, 2021 ஆண்டுகளில் நின்ற தேருலா, 2022-இல் மீண்டும் நடந்தது.

நேயர்களே! படப்பைப் பக்கத்திலும் பழைய குடிகள் சிதற, புதியவர் பல்கி வருகின்றனர். பீகாரிலிருந்து வந்த தொழிலாளியும் ஜப்பானியப் பொறியாளரும் விழா நாளில் ஓரமாக நிற்கின்றனர். அவர்களை அழைத்து முறையைச் சொல்லிக் கொடுத்து, வடத்தில் ஓரிடம் தருவோமாயின் நம் விழாவுக்கு என்ன குறைந்துவிடும்? இழுக்கும் கைகள் இருக்கும்வரைதான் தேர் ஓடும்.