நிலத்துக்கு நேர்ந்த சேதமும் சர்க்கார் உதவியும்

(ஊராட்சித் தலைவர்கள், கிராம ஊழியர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



வெள்ளம் வடிந்ததும் பயிர் நஷ்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மணல் மேடிட்டுப் போன வயலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பயிர் ஒரு போகத்தோடு போய்விடும். நிலம் கெட்டால் அடுத்த போகமும் இல்லை. இவ்வகைச் சேதத்துக்கென்றே அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடைபெறும் திட்டம் ஒன்றை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

அவசர நிலப் பாதுகாப்புத் திட்டம் என்று அதனைக் கூறலாம். 1978ஆம் ஆண்டின் விவசாயக் கடன் சட்டம் அதற்கு ஆதாரம். பயிர் நஷ்டத்துக்கு இதில் காசு கிடையாது. வெள்ளம் குவித்த மணலையும் மரங்களையும் அகற்றவும், அரிக்கப்பட்ட நிலத்தைச் சமன் செய்யவும், அழிந்த வேலியை மீண்டும் போடவும், கடும் வறட்சியில் கால்நடைகளுக்குத் தண்ணீர் வசதி செய்யவுமே பணம். செலவில் 75 சதவீதம் வரை சர்க்கார் ஏற்கிறது. வசதி குறைந்தோருக்கும், புதிதாக விவசாயத்தில் இறங்கியோருக்கும் 90 சதவீதம் வரை. எஞ்சியது விவசாயியின் பொறுப்பு. அடிக்கடி நேரும் சாதாரணச் சேதத்துக்கு இதனை நாட இயலாது.

நம் கவனத்துக்குரியது இன்னொன்று. கவுண்டி என்னும் ஒவ்வொரு பகுதியிலும் விவசாயிகளே தேர்ந்தெடுத்த குழு ஒன்று உண்டு. நிலத்தை நேரில் பார்த்த பின், யாருக்கு உதவி என்பதை அக்குழுவே தீர்மானிக்கிறது. வேலி தீயில் எரிந்ததா, அதற்கு முன்பே சாய்ந்து கிடந்ததா என்பது பக்கத்து நிலக்காரருக்குத் தெரியாமலா போகும்?

ஆயினும் திட்டத்தில் இடர்ப்பாடு இல்லாமல் இல்லை. 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெக்ஸாஸ் மாநிலத்தின் வடகோடியில் மூண்ட ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ 10 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளியைக் கருக்கியது. ஆயிரக்கணக்கான மாடுகள் மடிந்தன. பிழைத்தவற்றை அடைத்து வைக்க வேலி இல்லை. மாடு சாலைக்கு வந்துவிட்டால், அதிகாரி வந்து பார்க்கட்டும் என்று எவர் காத்திருப்பார்? பார்வையிடுமுன் வேலையைத் தொடங்கினாலோ உதவி கிடைக்காமற் போகலாம். பணமோ வேலை முடிந்த பின்னரே வரும். அதற்கும் அந்நாட்டுக் காங்கிரஸ் தனியே நிதி ஒதுக்க வேண்டியிருக்கும். இத்தாமதத்தை உணர்ந்தே, வேலிச் செலவில் 25 சதவீதம் வரை முன்பணம் தரலாம் என 2018ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் இடங்கொடுத்தது. முன்பணத்தை 60 நாட்களுக்குள் செலவிடாவிட்டால் திருப்பித் தர வேண்டும்.

இதைப் படித்தபோது நமக்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவுக்கு வந்தது. நாம் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், வாய்க்கால் உடைந்து வயலில் மணல் பாய்ந்தது. ஒரு விவசாயி நகையை அடகு வைத்து, நான்கே நாளில் மணலை அள்ளிவிட்டு, ரசீதுகளுடன் வந்தார். வேலைக்கு முன் அளவெடுக்கவில்லை என்று அவர் மனுவைத் திருப்பினோம். கைகட்டிக் காத்திருந்த பக்கத்து வயல்காரருக்கு மானியம் கிடைத்தது. விதிப்படி நாம் செய்தது சரி. அவர் முகத்தை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.

ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, உங்கள் ஊரின் தாழ்ந்த வயல்கள், கரைகள், வரப்புகள் எந்நிலையில் உள்ளன என்பதை நில எண் வாரியாக எழுதிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். சேதம் நேர்ந்த அன்றே அளவெடுக்க ஊருக்கு இருவரைக் குறித்துக்கொடுங்கள். பதிவேட்டின் மாதிரிப் படிவம் எழுத்தரிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் பெற்றுக்கொள்ளலாம்.