ஒரு ராத்தல் தானியம்

தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தைக் காப்பாற்றிய கருணைப் பிரபு என்று மூன்றாம் பக்கிங்காம் டியூக்கைச் சிலர் மேடையேறிப் புகழ்கிறார்கள். கேட்கவே வயிறு எரிகிறது!

யார் இந்தப் பிரபு? இங்கிலாந்தில் ஸ்டோவ் மாளிகையின் வாரிசு. அப்பாவுக்கு ‘உழவர் தோழன்’ என்று பட்டம். தானிய இறக்குமதி வரியைக் குறைக்கக் கூடாதென்று 1842இல் அமைச்சர் பதவியையே உதறியவர். வரி இருந்தால் விலை ஏறும். விலை ஏறினால் நிலப்பிரபுவின் மடி நிறையும். பலே தோழன்! அப்படியும் 10 லட்சம் பவுனுக்கு மேல் கடன். 1848இல் மாளிகைச் சாமான்கள் 40 நாள் ஏலம் போயின.

போண்டியான டியூக்கை யாராவது மண் வெட்டச் சொன்னார்களா? மகன் ரயில் கம்பெனித் தலைவரானார், காலனி அமைச்சரானார், 1875இல் சென்னைக்குக் கவர்னரானார். நம் குடியானவன் போண்டியானபோது கிடைத்தது ஒரு ராத்தல் தானியம்!

1876இல் மழை பொய்த்தது. டியூக் 30,000 டன் தானியம் வாங்க ஏற்பாடு செய்தார், மறுக்கவில்லை. வியாபாரத்தில் கை வைக்காதே என்று வைஸ்ராய் லிட்டன் அதட்டினார், கொள்முதல் நின்றது. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவுக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம். ஊர் பட்டினி, கவர்னர் டெல்லி தர்பாரில்!

அந்த மாதமே லிட்டன் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் வந்து இறங்கினார். 1874இல் பர்மா அரிசி இறக்கிப் பீகாரைக் காத்து, ஊதாரி என்று ஏச்சு வாங்கியவர். பட்டவருக்குப் புத்தி வந்துவிட்டது: நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓரணா! இதில் உயிர் தங்காதென்று சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். கூலி உயரப் பிறகும் நாளானது.

டியூக் நல்லவர், மேலிடம்தான் கெட்டது என்கிறார்கள். எந்த ஊர் தாசில்தாருக்கும் பொருந்தும் வக்காலத்து! லண்டனுக்குத் தந்தி அடித்து நிதி கேட்டாரே என்கிறார்கள். கேட்டார், 1877 ஆகஸ்டில்! சுமார் 7 லட்சம் பவுன் வந்தது, செத்தவர் போக மிஞ்சியவர்களுக்கு.

கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த கால்வாயை வெட்டியவர்கள் பஞ்சக் கூலிகள். வேலை முடிந்தது, பெயர் டியூக்குக்கு. அந்தக் கரையில் அவர்களுக்கும் ஒரு கல் நடட்டும் அரசு. அதில் டெம்பிளின் கூலிக் கணக்கையும் செதுக்கட்டும்!