அருவியைக் காண்பாரும் அருவியில் வாழ்வாரும்

(மொரப்பூரில் நடைபெற்ற இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓர் இலக்கிய அமைப்பு பத்து ஆண்டுகள் இடையறாது கூடுவது எளிய செயலன்று. பெருநகரின் அரங்குகளும் பதிப்பகங்களும் எட்டாத தொலைவில் உள்ள ஓர் ஊரில், கவிதை கேட்பதற்கென்று ஒரு கூட்டத்தைத் திரட்டி வைத்திருப்பது அதனினும் அரிது. அவ்வரிய செயலைச் செய்தோரைப் பாராட்டி என் உரையைத் தொடங்குகிறேன். எனக்கு அளிக்கப்பட்ட தலைப்பு 'இயற்கையும் கவிதையும்'. கடல்போல் விரிந்த அத்தலைப்பை நம் மாவட்டத்து அருவி ஒன்றின் அளவுக்குச் சுருக்கிக்கொள்ள அவையின் இசைவை வேண்டுகிறேன். ஒகேனக்கல்லை நாம் எவ்வாறு பாடி வருகிறோம், எதைப் பாடாது விட்டோம் என்பதே நான் சொல்ல விரும்புவது.

மொரப்பூருக்கும் அவ்வருவிக்கும் உறவு உண்டு. தொடர்வண்டியில் வரும் வெளியூரார் பலர் இங்கே இறங்கி, தருமபுரி சென்று, அங்கிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர் பயணம் செய்து அருவியை அடைகின்றனர். 1906-இல் இவ்வூரிலிருந்து தருமபுரிக்குக் குறும்பாதைத் தொடர்வண்டியும் ஓடியது. 1941-இல் அது நிறுத்தப்பட்டது. அருவி காணச் செல்வோர் முகத்தையும் கண்டு திரும்புவோர் முகத்தையும் பார்த்துப் பழகிய ஊர் இது. ஆகவே இப்பேச்சுக்கு இதனினும் பொருத்தமான இடம் இல்லை.

முதலில் பெயரைப் பார்ப்போம். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. 'கல்லு' என்றால் கல். நீர் பாறையில் மோதிச் சிதறி எழும் திவலை, தொலைவிலிருந்து பார்க்கப் புகைபோல் தோன்றுவதால் 'புகையும் கல்' என்று பெயரிட்டனர். நீர் உகும் கல் ஆதலின் 'உகுநீர்க்கல்' என்று தமிழில் வழங்குவோரும் உண்டு. எப்பெயரைக் கொண்டாலும், இட்டவர் அவ்விடத்தை நாள்தோறும் பார்த்தவர் என்பது தெளிவு.

இங்கிருந்து பல்லாயிரம் கல் தொலைவில், ஆப்பிரிக்காவில், சாம்பியாவுக்கும் சிம்பாப்வேக்கும் எல்லையாக ஓடும் சாம்பசி ஆற்றில் ஒரு பேரருவி உண்டு. அகலம் 1,700 மீட்டருக்கு மேல்; உயரம் 108 மீட்டர். அங்கு வாழும் மக்கள் அதற்கு இட்ட பெயர் 'மோசி ஓவா துன்யா'. அதன் பொருள் 'முழங்கும் புகை' என்பது. காவிரிக்கரை மனிதனும் சாம்பசிக்கரை மனிதனும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஆயினும் வீழும் நீரைக் கண்டபோது இருவர் நாவிலும் புகை என்னும் ஒரே சொல் எழுந்தது. ஒப்பிலக்கியம் பயில்வோர் எண்ணி மகிழ வேண்டிய ஒற்றுமை இது.

1855 நவம்பரில் டேவிட் லிவிங்ஸ்டன் என்னும் ஸ்காத்லாந்துப் பயணி அவ்வருவியைக் கண்டார். ஆற்று நடுவிலுள்ள தீவுக்கு அவரைத் தோணியில் ஏற்றிச் சென்றவர்கள் அம்மண்ணின் துடுப்புக்காரர்கள். அவரோ அருவிக்குத் தம் நாட்டு அரசியின் பெயரைச் சூட்டினார். பின்னர் அத்தீவுக்கும் அருகிலுள்ள நகருக்கும் அவர் பெயரே அமைந்தது. 1989-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது இரு பெயர்களும் இணைத்தே எழுதப்பட்டன. தொல்பெயர் தன் இடத்தை மீட்டுக்கொண்டது எனலாம்.

நாம் என்ன செய்கிறோம்? ஒகேனக்கல்லை 'இந்தியாவின் நயாகரா' என்று எழுதி மகிழ்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைக்கு அயல்வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பெருமை தேடுவது போன்றது இது. புவியியலார் கணிப்பின்படி ஒகேனக்கல்லின் கார்பனடைட் பாறை ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகள் பழமையானது. அத்துணைப் பழமையுடைய கல்லுக்கு இரவல் பெயர் எதற்கு?

பெயர் மட்டுமன்று, உவமைகளும் இரவலாகவே வந்து சேர்கின்றன. மாணவர் கவிதைகளிலும் நம் வட்டத்துக் கவியரங்குகளிலும் அருவி என்றதும் பால் பொங்குகிறது, முத்துச் சிதறுகிறது, மணமகள் வெண்பட்டு உடுத்தி நிற்கிறாள். அப்பாடல்களை எந்த அருவியின் மேலும் ஏற்றிப் பாடலாம். குற்றாலத்துக்கும் பொருந்தும், சோக் அருவிக்கும் பொருந்தும். ஒகேனக்கல்லின் அடையாளமான ஒன்று, அதுதான் பரிசல், அப்பாடல்களுள் பெரும்பாலும் இல்லை. இருந்தாலும் அதைச் செலுத்துபவன் இல்லை.

பரிசலைச் சற்று உற்று நோக்குங்கள். மூங்கிலைப் பிளந்து வட்டமாகப் பின்னிய பெருங்கூடை அது. முற்காலத்தில் அதன் அடியில் விலங்கின் தோலைப் போர்த்தனர். இக்காலத்தில் நெகிழித் தாளைப் போர்த்தித் தார் பூசுகின்றனர். முன்னும் பின்னும் இல்லாத கலம் ஆதலால், எத்திசை திரும்பினும் அதற்கு முன்திசையே. ஆழமின்றி மிதப்பதால் நீருள் மறைந்த பாறைமேலும் உராயாது செல்லும். கரையேறிய பின் ஓர் ஆளே தலையில் கவிழ்த்துச் சுமந்து செல்லலாம். 1520-ஐ ஒட்டி விசயநகரத்தைக் கண்ட போர்த்துகீசியரான டொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் தோல் போர்த்த கூடைப் படகுகள் ஆட்களையும் மாடு குதிரைகளையும் அக்கரை சேர்த்ததைக் குறித்து வைத்திருக்கிறார். எனவே பரிசல், சுற்றுலாவுக்காகத் தோன்றிய விளையாட்டுப் பொருள் அன்று. ஆற்றின் இரு கரை மக்களும் உறவு கொள்ளக் கண்ட தொழில்நுட்பம் அது.

சாம்பசி அருவியின் அருகே 1905-இல் கட்டிய பாலத்திலிருந்து, காலில் மீள்கயிற்றைக் கட்டிக்கொண்டு 111 மீட்டர் ஆழத்துக்குத் தலைகீழாகக் குதிக்கின்றனர். கீழுள்ள பள்ளத்தாக்கின் சீற்ற நீரில் காற்றடைத்த மிதவைகளில் செல்கின்றனர். இதனைச் சாகசம் என்கிறோம். ஒகேனக்கல்லில் பரிசலைச் சுழியருகே கொண்டுபோய்ப் பம்பரம்போல் சுழற்றச் சொல்லிக் கூவி மகிழ்வதும் சாகசமே. நான் அதனைக் குறை கூறவில்லை. அச்சமும் களிப்பும் ஒருங்கே எழும் அந்நொடியில் மனிதன் தன் சிறுமையை உணர்கிறான். அவ்வுணர்வு கவிதைக்கும் நல்லது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒரே பரிசலில் எதிரெதிரே அமர்ந்த இருவரில், ஒருவருக்குச் சாகசமாக இருப்பது மற்றவருக்கு என்னவாக இருக்கிறது? பயணிக்கு அது ஒருநாள் இன்பம். துடுப்பு வலிப்பவனுக்கு அன்றாட உலை. பயணி அலையைப் பார்க்கிறார்; அவனோ அலைக்கு அடியில் உள்ள பாறையைப் பார்க்கிறான். நீரின் நிறம் சிவந்தால் மேற்கே மழை என்று அவனுக்குத் தெரியும். படம் பிடிப்பதற்காகப் பரிசலில் ஒருவர் எழுந்து நின்றால் என்ன நேரும் என்பதும் தெரியும். உயிர்காப்பு மேலாடையை அணியுங்கள் என்று அவன் வேண்டும்போது, வெயிலைக் காட்டி மறுப்போர் உண்டு. அவன் கேட்பது தன் உயிரையும் சேர்த்துத்தான்.

ஒகேனக்கல்லுக்குச் சற்று மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் ஆற்றின் வரத்தை அளக்கிறது. அவ்விடத்தின் பெயர் வழக்காடு மன்றத்திலும் நிலைத்துவிட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்சநீதிமன்றம், ஆண்டுதோறும் அங்கே 177.25 டி.எம்.சி. நீர் தமிழகத்துக்கு வந்துசேர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உழவர்க்கு அவ்வளவுமானி விளைச்சலைச் சொல்கிறது; பரிசலோட்டிக்கு வேலையைச் சொல்கிறது. வரத்து மிகுந்தால் மாவட்ட நிருவாகம் பரிசலுக்குத் தடை விதிக்கும். 2018 ஆகஸ்டில் கேரளமும் குடகும் பெருமழையில் தவித்தபோது, இங்கே வெள்ளம் நொடிக்கு இரண்டு லட்சம் கன அடியை ஒட்டிப் பாய்ந்தது. தடை முறையானதே, உயிரினும் பெரிது ஒன்றில்லை. ஆயினும் ஆறு நிறைந்து ஓடும் நாளில் ஆற்றை நம்பியவன் அடுப்பு அணைகிறது. வற்றிய நாளிலும் அவனுக்கு வேலை இல்லை. பெருகிய நாளிலும் இல்லை. இம்முரணைவிடப் பெரிய கவிப்பொருளை நாம் எங்கே தேடப் போகிறோம்?

அவனைப் போலவே, பயணிகள் வாங்கித் தரும் மீனைக் காரம் தடவிப் பொரித்துத் தரும் பெண்டிரும், எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளரும் அவ்வருவியின் மக்களே. பாறையில் வழுக்கி விழாது எண்ணெய்க் கிண்ணத்துடன் நடக்கும் கால்களுக்கும் ஒரு யாப்பு உண்டு.

இது கவிதைக்குப் புறம்பான கோரிக்கை என்று சிலர் எண்ணக்கூடும். செய்தி சொல்ல நாளிதழ் இருக்கிறது, கவிஞன் அழகைப் பாடினால் போதும் என்பர். அவர்களுக்கு நம் மரபையே விடையாக வைக்கிறேன். கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் அருவியாடும் மகளிர் யார்? தினைப்புனம் காக்கச் சென்றவர்கள். கிளி ஓட்டும் வேலையின் இடையே அவர்கள் அருவியில் ஆடுகின்றனர், மலர் கொய்கின்றனர். அம்மலர்கள் 99-ஐயும் பெயர் சொல்லி அடுக்குகிறார் புலவர். 'பூக்கள்' என்ற பொதுச்சொல் அவருக்குப் போதவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடினார். அதில் மலைவளம் கூறுபவள் யார்? குற்றாலத்துக்கு வந்துபோகும் செல்வர் அல்லர், அம்மலைக் குறத்தி. அவள் தன் வீட்டைச் சொல்வதுபோல் மலையைச் சொல்கிறாள். ஆதலால்தான் அவ்வருவியின் ஓசை இன்றும் நம் காதில் விழுகிறது. காண்பார் கண்ணால் அல்லாமல் வாழ்வார் வாயால் அருவியைப் பாடியது நம் மரபு.

இன்னும் ஒன்று. 'நீர்வீழ்ச்சி' என்னும் சொல் ஆங்கிலத்தின் நிழல். விலை வீழ்ச்சி, ஆட்சி வீழ்ச்சி என்று தாழ்வைக் குறிக்கும் சொல்லை ஓடும் நீருக்கு ஏன் சூட்ட வேண்டும்? சங்கப் புலவர் தந்த 'அருவி' நம்மிடம் இருக்கிறது. நீர் அங்கே முடிவதில்லை. ஒகேனக்கல்லில் இறங்கிய காவிரி, 1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையில் தேங்குகிறது. அத்தேக்கத்தில் ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும் ஆண்டுகளில் பண்ணவாடியில் சலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டுகின்றன. சாம்பசியிலும் கரீபா அணைக்காக 1950-களின் இறுதியில் தோங்கா மக்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் குடிபெயர்க்கப்பட்டனர். பயணிகள் காணும் அழகிய நீர்ப்பரப்புகளின் அடியில் ஊர்கள் கிடக்கின்றன.

நம் மாவட்டத்தின் கதை இதனினும் நெருக்கமானது. நிலத்தடி நீரின் புளோரைடு நம் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறையாகவும், முதியோரின் எலும்புகளில் வலியாகவும் படிந்தது. அதனைத் தீர்க்கவே ஜப்பானியக் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் உருவாகி, 2013-இல் தொடங்கி வைக்கப்பட்டது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் குழாய்களில் அருவிக்கரை நீர் வருகிறது. ஆகவே ஒகேனக்கல்லை விடுமுறை நாளில் சென்று பார்க்கும் காட்சியாக மட்டும் நாம் கொள்ள இயலாது. அது நம் குடத்தில் இருக்கிறது. நம் பிள்ளையின் பல்லில் இருக்கிறது.

கவிஞர் பெருமக்களே, பதினோராம் ஆண்டில் அடி வைக்கும் இவ்வட்டத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். வட்டத்தார் ஒருமுறை கூடி ஒகேனக்கல் செல்லுங்கள். பரிசலில் ஏறுங்கள், அச்சமும் கொள்ளுங்கள். பின் கரையில் அமர்ந்து பரிசலோட்டியிடம் கேளுங்கள். நீரின் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒவ்வொரு சுழிக்கும் அவர் வழங்கும் சொல் என்ன, பாறைகளுக்கு என்ன பெயர், மூங்கிலை எப்பருவத்தில் வெட்டுகிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அகராதியில் ஏறாத சொற்கள் அங்கே நூற்றுக்கணக்கில் கிடைக்கும். அவற்றைத் தொகுத்து ஒரு சிறு நூலாக்கினால், அது தமிழுக்கு நம் வட்டம் அளிக்கும் கொடை. அதன்பின் எழுதுங்கள் கவிதை. அக்கவிதையில் பால் பொங்காவிட்டால் குற்றமில்லை. துடுப்பின் ஓசை கேட்டால் போதும்.