கோபால்ட் உலோகமும் நமது தேவைகளும்

ஓர் உலோகத்தின் பயனை அதன் அளவைக் கொண்டு மதிப்பிட இயலாது என்பதற்குக் கோபால்ட் தக்க சான்றாகும். இதன் தாதுவை உருக்கிய ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள், வெள்ளி கிட்டாமல் நச்சுப் புகையே எழக் கண்டு, இது குட்டிச்சாத்தானின் வேலை எனக் கருதினர். அச்சாத்தானைக் குறிக்கும் 'கோபோல்ட்' என்ற சொல்லே உலோகத்தின் பெயராயிற்று. கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் நீல நிறம் தருவது தனியோர் உலோகமே என்பதை 1730-களில் ஸ்வீடன் நாட்டு ரசாயன அறிஞர் கேயார்க் பிராண்ட் நிறுவினார்.

கோபால்ட் 1,495 டிகிரி சென்டிகிரேடில் உருகுகிறது. ஏறத்தாழ 1,120 டிகிரி வரை காந்தத் தன்மையை இழப்பதில்லை. ஆகவே விமான இயந்திரங்களுக்கான உலோகக் கலவைகளிலும், நிலைக் காந்தங்களிலும், வெட்டுக் கருவிகளிலும் இது இடம்பெறுகிறது. வைட்டமின் பி12-இன் மூலக்கூற்றிலும் கோபால்ட் உண்டு. அணு உலையில் உருவாக்கப்படும் கோபால்ட்-60 புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 1951-இல் கனடாவில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. இதன் கதிரியக்கம் 5.27 ஆண்டுகளில் பாதியாகக் குறைவதால், மருத்துவமனைகள் கதிர் மூலத்தை அவ்வப்போது மாற்ற வேண்டும். இந்தியா இதனை உள்நாட்டிலேயே தயாரித்து வருகிறது.

ஆனால் கோபால்ட் உலோகத்திற்கு நாம் இறக்குமதியையே நம்பியுள்ளோம். பெரும்பாலும் இது செம்பு, நிக்கல் ஆகியவற்றின் உபபொருளாகவே கிடைக்கிறது. எனவே விலை ஏறினாலும் உற்பத்தி உடனே பெருகுவதில்லை. உலகச் சுரங்க உற்பத்தியில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசு ஒன்றிலிருந்தே வருகிறது. அந்நாடு ஜைர் எனப்பட்ட காலத்தில், 1978-இல் ஷாபா மாகாணத்தில் மூண்ட போரினால் உலகச் சந்தையில் விலை பன்மடங்கு உயர்ந்தது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் சிறுவர்கள் உழைப்பதும் மறுக்க முடியாத உண்மை. சுத்திகரிப்பில் பெரும்பங்கு சீனாவிடம் உள்ளது.

மின்வாகனங்களின் வரவால் மின்கலங்களே இன்று கோபால்ட்டின் முதன்மைப் பயனாகிவிட்டன. 2023-இல் இந்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் கோபால்ட்டும் உள்ளது. வெளிநாட்டுச் சுரங்கங்களில் பங்கு பெறுதல், கோபால்ட் தேவைப்படாத இரும்பு பாஸ்பேட் மின்கலங்களைப் பெருக்குதல், பழைய மின்கலங்களிலிருந்து உலோகத்தை மீட்டல் ஆகியன நம்முன் உள்ள வழிகள். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் மூன்றாவது வழிக்கு வகை செய்துள்ளன. எனினும் பழைய மின்கலங்கள் முறையாகத் திரட்டப்பட்டு மீட்பு ஆலைகளைச் சென்றடைந்தால்தான் விதிகள் பயன் தரும். தாது வளம் குறைந்த நாட்டிற்குக் கழிவும் ஒரு சுரங்கமே.